நூற்றுக்கு அறுபத்தொன்று

விதைக் கம்பெனி கைமாறிய செய்தியை முளைப்புக்காரர் தன் வீட்டு அடுப்படியில்தான் கேள்விப்பட்டார். பத்தொன்பது வருஷம் அங்கே வேலை பார்த்த மனிதருக்கு முதலாளி சொல்லவில்லை, மேனேஜர் சொல்லவில்லை, வாசல் காவலாளிகூடச் சொல்லவில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பிப் பார்த்து, "உங்க கம்பெனியை யாரோ வாங்கப் போறாங்கன்னு சொன்னீங்களே, அது வேற யாரும் இல்லையாம். என் தங்கச்சி வீட்டுக்காரர்தானாம்" என்றாள்.

"யாரு, சகலையா?"

"உங்க சகலையேதான். கையெழுத்துப் போட்டு நாலு நாள் ஆச்சாம். உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தாராம். இவளுக்குத்தான் வாய் நிக்கல."

"நல்லதுதானே" என்றார் முளைப்புக்காரர். அந்தக் குரல் அவருக்கே பக்கத்து வீட்டிலிருந்து வந்ததுபோல் கேட்டது. அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

முளைப்புக்காரர் என்பது கம்பெனியில் வைத்த பெயர். விற்பனைக்குப் போகும் ஒவ்வொரு குவியலிலிருந்தும் நானூறு விதை எண்ணி எடுப்பார். நூறு நூறாக நாலு கண்ணாடித் தட்டில் ஈரத்தாள்மேல் பரப்பி, முளைப்புப் பெட்டிக்குள் வைத்து, நாள் கணக்கில் காத்திருந்து, நூற்றுக்கு எத்தனை முளைத்தது என்று எழுதுவார். அவர் எண் எழுதாமல் ஒரு பாக்கெட் வாசலைத் தாண்டாது. முதலாளியே அந்த அறைக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். ஈரத்தாளில் தூசி படக்கூடாது என்பதற்காகச் செய்ததை, முளைப்புக்காரர் தனக்குக் காட்டும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மரியாதைக்கு மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு விலை கொடுக்க வேண்டி வந்தது. வெங்காய விதை சீக்கிரம் உயிர் விட்டுவிடும். ஒரு வருஷம் தாண்டினாலே பாதிக்குமேல் சந்தேகம். பழைய முதலாளி முந்தின வருஷம் விற்காமல் நின்றதைப் புதிய விதையோடு கலக்கச் சொன்னார். கலந்ததைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பத்தெட்டு வந்தது. "எண்பதுன்னு போடுங்க, ஒரே ஒரு தடவை" என்றார் முதலாளி. முளைப்புக்காரர் போட்டார். அந்தப் பருவத்தில் இருநூறு குடும்பத்துக்குமேல் நாற்றங்கால் போட்டுவிட்டுப் பாதிக்குமேல் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கம்பெனி வாசலில் கொட்டினார்கள். கடைக்காரர்கள் கம்பெனிப் பாக்கெட்டை அடித்தட்டில், எலிப்பொறிக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தார்கள். யார் எண்ணியது, யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கம்பெனி என்றே திட்டினார்கள். முளைப்புக்காரரும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அப்படிச் சரிந்த கம்பெனியைத்தான் சகலை வாங்கியிருக்கிறார்.

சகலைக்கு அவரைவிட ஏழு வயது குறைவு. படிப்பும் குறைவு. ஊர் எல்லையில் நாற்றுப் பண்ணை வைத்து, தட்டுத் தட்டாக நாற்று விற்று மேலே வந்தவர். ஆரம்பத்தில் தக்காளி எப்போது முளைக்கும், மிளகாய்க்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று முளைப்புக்காரரிடம் வந்து கேட்டுத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு போனவர். இதை முளைப்புக்காரர் கணக்கில்லாத தடவை சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களிடமும்.

எரிச்சலுக்கு வேறொரு வேரும் உண்டு. முதலாளிக்குப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர மாட்டார்கள் என்பது ஊரறிந்தது. ஒருநாள் அவர், "உங்களை விட்டா இந்த இடத்தை யார் பார்த்துக்குவா" என்று போகிறபோக்கில் சொன்னார். முளைப்புக்காரர் அந்த ஒற்றை வாக்கியத்தை எட்டு வருஷம் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காமல் கொடுப்பார்கள் என்று காத்திருந்தார். சகலை போய்க் கேட்டார், கிடைத்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான், அதுதான் பொறுக்கவில்லை.

முதல் நாள் சகலை வந்து, எல்லோர் முன்னாலும் நேராக அவரிடம் நடந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க இருக்கீங்கன்னுதான் துணிஞ்சேன். எனக்கு விதையை முளைக்க வைக்கத் தெரியும். முளைக்குமான்னு சொல்லத் தெரியாது. அதுக்கு நீங்கதான்."

வேலைக்காரர்கள் சிரித்தார்கள், யாரோ கை தட்டினார்கள். முளைப்புக்காரரும் சிரித்தார். சகலை அதட்டியிருந்தால் திட்டிக்கொண்டாவது இருந்திருக்கலாம். நல்ல மனிதனாக வேறு இருந்து தொலைக்கிறானே என்று உள்ளுக்குள் குமைந்தார்.

புதிய முதலாளி வேலைக்கு உட்கார்ந்தார். பழைய விதை மூட்டைகளையெல்லாம் வெளியே எடுத்து, ஊர்க்காரர்கள் பார்க்கக் குழி தோண்டி மூடினார். பாக்கெட்டின் பின்பக்கம் சோதனை செய்த தேதியும் முளைத்த எண்ணும் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்றார். அதைக் கேட்டதும் முளைப்புக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேதியையும் எண்ணையும் அச்சடிக்க வேண்டும் என்று பதினாறு வருஷத்துக்கு முன்பு அவரே எழுதிக் கொடுத்திருந்தார். பழைய முதலாளி அந்தத் தாளில் வெற்றிலைக் கறையைத் துடைத்துப் போட்டார்.

"அது நான் சொன்ன யோசனை" என்றார் அன்று மாலை மனைவியிடம்.

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்?"

"சொல்லாம தெரியறதுக்கு அவர் என்ன உங்க மனசுக்குள்ளயா குடியிருக்கார்?" என்றாள் அவள், துணி மடிப்பதை நிறுத்தாமல்.

சகலை இன்னொன்றும் செய்தார். பாக்கெட்டில் விற்பனைப் பிரிவின் நம்பரைப் போடவில்லை. சோதனை அறை நம்பரைப் போட்டார். "விதையைப் பத்திக் கேக்கறவங்க, விதையை எண்ணறவங்ககிட்டயே கேக்கட்டும்" என்றார். கடைக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எதைச் சொன்னாலும் பிடித்துவிடுகிறது இவனுக்கு என்று முளைப்புக்காரர் பல்லைக் கடித்தார்.

அடுத்து ஊர் ஊராகக் கூட்டம். முளைப்புக்காரரையும் கூட வரச் சொன்னார். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. முதல் கூட்டம் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில். நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். முகங்களில் சிரிப்பென்று மருந்துக்கும் கிடையாது. முன்வரிசையில் ஒரு அம்மாள், வேலை செய்த இடத்திலிருந்து நேரே வந்ததுபோல, மண்வெட்டியைத் தோளைவிட்டு இறக்காமல் நின்றிருந்தாள். சகலை பேச ஆரம்பிப்பதற்குள் அவளே பேசினாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முளைக்காதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா தெரியாதா?"

முளைப்புக்காரர் பின்னால், மாதிரிப் பாக்கெட் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். பெட்டியைச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதும்மா, நான் அப்போ இந்தக் கம்பெனியில இல்ல" என்றார் சகலை. "ஆனா அதைச் சொல்லி நான் தப்பிக்க வரல. பேரை வாங்கினா பேருக்கு வந்த பழியையும் சேர்த்துத்தான் வாங்கணும். தெரிஞ்சிருக்கணும். தெரியலைன்னாலும் தப்பு, தெரிஞ்சு வித்திருந்தா அதைவிடப் பெரிய தப்பு. அந்தத் தப்புக்கு உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இவ்வளவு நாள்ல எவனும் வந்து இதைச் சொல்லல" என்றார். இறுகிக் கிடந்த முகங்கள் ஒவ்வொன்றாக இளகின. அந்த அம்மாள் மண்வெட்டியை இறக்கிச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

திரும்பி வரும்போது வண்டியில் முளைப்புக்காரர் மாதிரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வெட்கம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிடப் பெரிதாக வேறொன்று எரிந்தது. அந்தத் தப்பு அவருடையது. அதைச் சுமந்துகொண்டு மூன்று வருஷம் தூக்கம் கெட்டது அவர். கடைசியில் அதற்கு மன்னிப்புக் கேட்டு நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போவது இன்னொருவர். தன் குற்றத்தைக்கூடத் தனக்கென்று விட்டுவைக்காமல் எடுத்துக்கொண்டானே என்று நினைத்தார். நினைத்தது எவ்வளவு கோணலானது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எரிந்தது.

இந்த நிலையில் புதிய பருவத்துக்கான வெங்காய விதை வந்தது. சகலை நம்பிக்கையான இடம் என்று தேடிப் பிடித்து வாங்கியது. கம்பெனியின் பெயர் கெட்டது வெங்காயத்தில் என்பதால், மீள்வதும் வெங்காயத்தில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எண்பதுக்குக் குறைந்தால் விற்பதில்லை என்று ஊர்க் கூட்டங்களில் வாக்குக் கொடுத்திருந்தார்.

வெங்காயத்துக்குப் பன்னிரண்டு நாள் கணக்கு. பன்னிரண்டாம் நாள் ஒரு வியாழக்கிழமை. முளைப்புக்காரர் தட்டுகளை வெளியே எடுத்து, இடுக்கியால் ஒவ்வொரு முளையாக விலக்கி எண்ணினார். முதல் தட்டில் ஐம்பத்தொன்பது. இரண்டாவதில் அறுபத்திரண்டு. மூன்றாவதில் அறுபது. நான்காவதில் அறுபத்துமூன்று. சராசரி அறுபத்தொன்று. மீதியெல்லாம் ஊறி, அழுகி, அசையாமல் கிடந்தன. வழியில் எங்கோ மூட்டை வெயிலில் கிடந்திருக்க வேண்டும். தவறு அவர்மேல் இல்லை, சகலைமேலும் இல்லை.

சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. அவர் எழுந்து கை கழுவினார். நோட்டைத் திறந்தார், மூடினார். வெளியே முற்றத்தில் சகலை பேக்கிங் பெண்களிடம் ஏதோ சொல்ல, அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. பழைய முதலாளி காலத்தில் அந்த முற்றத்தில் யாரும் சிரித்ததில்லை. முளைப்புக்காரர் பேசி யாரும் எப்போதுமே அப்படிச் சிரித்ததில்லை.

சகலை வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"அண்ணே, வெங்காயம் என்ன வந்தது?"

"எண்பத்துநாலு" என்றார் முளைப்புக்காரர்.

"நீங்க சொன்னாத்தான் எனக்கு மூச்சு வருது" என்று சொல்லிவிட்டுச் சகலை போனார்.

வாயிலிருந்து எண் போனபின் முளைப்புக்காரர் வாசலையே பார்த்தார். திருப்பிக் கூப்பிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தார். தாளில் ஈரம் அதிகமாக இருந்திருக்கும், மறுபடி ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம் என்றும் நினைத்தார். இரண்டையும் செய்யவில்லை. மனதின் அடியில் ஒரு குரல், ஒரே ஒரு தடவை இவன் பேரும் கெடட்டுமே, அப்போதும் இப்படிச் சிரிக்கிறார்களா பார்ப்போம் என்றது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் பாக்கெட் இயந்திரம் ஓயாமல் ஓடியது. ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகிலும் எண்பத்துநாலு.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. மாமனார் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"பெரிய மாப்பிள்ளை படிச்சவர். சின்ன மாப்பிள்ளை பொழைக்கத் தெரிஞ்சவர். எனக்கு ரெண்டும் அமைஞ்சுது" என்றார். இதை அவர் இருபது வருஷமாகச் சொல்லிவருகிறார். முன்பெல்லாம் படித்தவர் என்னும்போது குரல் உயரும். அன்றைக்குப் பிழைக்கத் தெரிந்தவரில் உயர்ந்தது.

"மாமா, கம்பெனி ஓடுறது அண்ணனாலதான். நான் சும்மா சத்தம் போடற ஆள்" என்றார் சகலை.

முளைப்புக்காரருக்கு அது பிச்சை போட்டதுபோல் இருந்தது. கையைக் கழுவும் சாக்கில் பின்கட்டுக்குப் போனார். அங்கே கொழுந்தியாள் ஒரு நாற்றுத் தட்டில் மண்ணை நிரவிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"வெங்காயம்தான் மாமா. நேத்து ஒரு பாக்கெட் எடுத்துட்டு வந்தார். ஒவ்வொண்ணுலயும் ஒரு பாக்கெட் நம்ம வீட்டுலயும் போட்டுப் பார்க்கணும்னு அவருக்கு ஆசை. உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ஊர்க்காரங்க போடற மண்ணுல போட்டா எப்படி வருதுன்னு பார்க்கத்தான்."

"போடும்மா, போடு. நல்லதுதானே."

இன்னும் பன்னிரண்டு நாளில் இந்தத் தட்டு வாய் திறந்துவிடும். ஆனால் விதை அதற்குள் ஊர்களுக்குப் போய், மண்ணுக்குள்ளும் போயிருக்கும். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். வெயில் என்றார். வானம் மூடியிருந்தது.

செவ்வாய்க்கிழமை கடைகளுக்குக் காட்ட மாதிரிப் பாக்கெட்டுகள் பஸ்ஸில் பார்சலாகப் போயின. வியாழக்கிழமை காலை லாரி வந்து நின்றது. சரக்கு ஏற்றும் சத்தம் சோதனை அறைக்குள் தெளிவாகக் கேட்டது. முளைப்புக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு, கழுவின தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது.

"பாக்கெட்டுல போட்டிருக்கற நம்பர்தானே இது?" பெண் குரல். "நான் கடையில நின்னு பேசறேன். அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டீங்களே, நான்தான் முதல்ல கேள்வி கேட்டவ."

மண்வெட்டி அம்மாள். முளைப்புக்காரர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்கம்மா."

"எண்பத்துநாலுன்னு போட்டிருக்கு. இதை எண்ணினது யாரு?"

"நான்தான்."

"நீங்க அன்னிக்குப் பின்னால பெட்டியைப் புடிச்சுக்கிட்டு நின்னவரா?"

"ஆமாம்மா."

"உங்க முதலாளி நல்லாப் பேசறார். பேசறதை வச்சு நான் விதை வாங்க மாட்டேன். எண்ணினவர் வாயால கேக்கணும்னு தோணுச்சு. எனக்கு இருக்கறது அந்த ஒரு துண்டு நிலம்தான். போடலாமா?"

லாரியில் ஒரு பெட்டி தொப்பென்று விழுந்தது. யாரோ அதட்டினார்கள். முளைப்புக்காரர் சுவரைப் பார்த்தார். போடலாம் என்று சொன்னால் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்துவிடும். கெடுவது சகலையின் பெயர் என்று எட்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பில் இந்த அம்மாளுக்கு இடமே இருந்ததில்லை.

"போடாதீங்கம்மா" என்றார்.

"அப்புறம் எதுக்கு எண்பத்துநாலு?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர் வெளியே வந்தார். லாரியில் முக்கால் பாகம் ஏறியிருந்தது. சகலை கையில் பட்டியலோடு நின்று பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சகல, லாரியை நிறுத்துங்க."

"ஏன், ஏதாவது விட்டுப்போச்சா?"

"வெங்காயம் எண்பத்துநாலு இல்ல. அறுபத்தொண்ணு."

சகலை பட்டியலைக் கக்கத்தில் செருகினார். ஏற்றுகிறவர்களைப் பார்த்து, "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். அவர்கள் போனபின் திரும்பினார்.

"தப்பா எண்ணிட்டீங்களாண்ணே? பரவாயில்ல, யாருக்கும் வர்றதுதான்."

தப்பித்துக்கொள்ள வழி அகலமாகத் திறந்திருந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். ஆனால் எட்டு நாள் போதும் போதும் என்றாகிவிட்டிருந்தது அவருக்கு.

"இல்ல. சரியாத்தான் எண்ணினேன். தப்பாச் சொன்னேன்."

"ஏன்?"

"உங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது. நீங்க வந்த நாள்லேர்ந்து எரியுது. உங்க பேர் கெடணும்னு நினைச்சேன்."

சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. முளைப்புக்காரர் நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று பயந்து மேலே பேசினார். மூன்று வருஷத்துக்கு முந்தைய நாற்பத்தெட்டையும் சொன்னார், அதை எண்பதாக்கிய கையெழுத்தையும் சொன்னார்.

"அப்போ அந்தப் பள்ளிக்கூடத்துல நான் கேட்ட மன்னிப்பு..."

"என் தப்புக்குத்தான் கேட்டீங்க. அதுக்கும் சேர்த்துத்தான் எரிஞ்சது."

சகலை லாரியின் பின்பலகையில் உட்கார்ந்தார். கக்கத்திலிருந்த பட்டியலை உருவி நாலாக மடித்தார். "சோதனை ரூம் சாவியைக் குடுங்க" என்றார். முளைப்புக்காரர் கொடுத்தார்.

"வேலையை விட்டுப் போங்கன்னு சொல்ல வாய் வருது. போனா நீங்க தப்பிச்சுக்குவீங்க. நான்தான் எல்லா ஊருக்கும் பதில் சொல்லிக்கிட்டுத் திரியணும். அதெல்லாம் முடியாது. சாயங்காலம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. இந்தத் தடவை பேசறது நீங்க." எழுந்தபின் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம். உங்களுக்காகச் சொல்லல. நம்ம மாமா வாய்க்கு அவல் கிடைக்கக்கூடாது, அதுக்காகச் சொல்றேன்."

ஏற்றிய பெட்டிகளையெல்லாம் இறக்கினார்கள். ஒவ்வொரு கடைக்கும் சகலையே போன் செய்து, இந்தப் பருவம் வெங்காய விதை கிடையாது, எங்கள் சோதனையில் எங்கள் விதை தோற்றுவிட்டது, மாதிரிப் பாக்கெட்டைக் கிழித்துப் போடுங்கள் என்றார். இரண்டு கடைக்காரர்கள் அத்தோடு உறவை முறித்துக்கொண்டார்கள்.

மாலையில் பள்ளிக்கூட முற்றத்தில் முளைப்புக்காரர் முன்னால் நின்றார். சகலை பின்னால் நின்றார். முளைப்புக்காரருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. நாற்பத்தெட்டு என்பதை இரண்டு தடவை சொன்னார். அறுபத்தொன்றையும் சொன்னார். பொறாமையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. "என் மனசுல இருந்த கெட்ட எண்ணம்" என்று அதை மூடிக்கொண்டார். ஒருவர் எழுந்து, காது கூசும்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியேறினார். இன்னும் நாலைந்து பேர் அவர் பின்னால் போனார்கள். மண்வெட்டி அம்மாள் உட்கார்ந்தே இருந்தாள்.

"இன்னிக்கு போன்ல கேட்டேன், சொன்னீங்க. மூணு வருஷத்துக்கு முன்னால கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

முளைப்புக்காரர் யோசித்தார்.

"சொல்லியிருக்க மாட்டேம்மா."

"ம்" என்றாள் அவள். "வெங்காயத்துக்கு நான் வேற கம்பெனிதான். கீரை விதை வேணும்னா பார்க்கலாம். அதுவும் ஒரு பிடிதான்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பருவம் கம்பெனிக்குக் கஷ்டமாகத்தான் போயிற்று. ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஏற்றிய லாரியைத் தானே இறக்கிய கம்பெனி என்று ஊருக்கு ஊர் பேச்சுப் பரவியது. பேச்சு பரவும்போது பெருத்தது. ஒரு ஊரில் அது மூன்று லாரி ஆயிற்று, இன்னொரு ஊரில் முதலாளி லாரிக்கு முன்னால் படுத்துவிட்டார் என்றார்கள். கீரை விதையும் வெண்டை விதையும் மெல்ல நகர ஆரம்பித்தன. அடித்தட்டுப் பாக்கெட்டுகள் கண்மட்டத்துக்கு ஏறின. விவசாயப் பத்திரிகை ஒன்று சகலையின் படத்தைப் போட்டு, சொந்த விதையை நிராகரித்தவர் என்று எழுதியது. முளைப்புக்காரரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் அவருக்குத்தான் அவமானம். இதெல்லாம் அவருக்குப் புரிந்தது. இருந்தும் அந்தப் படத்தைப் பார்த்தபோது வயிற்றுக்குள் அதே சூடு, அதே இடத்தில் எழுந்தது. பத்திரிகையை மடித்து மேஜையில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். லாரி இறங்கிய கதை வீட்டுக்கும் வந்தது, காரணம் மட்டும் வரவில்லை. கொழுந்தியாள் மட்டும், ஒரு தட்டு வெங்காயம் பாதிதான் வந்தது என்பதைப் பார்த்தவள் ஆயிற்றே, கொஞ்ச நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

சோதனை அறைக்குச் சகலை வெளியிலிருந்து ஒரு பெண்மணியைத் தலைமைக்குக் கொண்டுவந்தார். நாற்பது வயது, கண்ணாடி, அதிகம் பேசாதவள். முளைப்புக்காரர் அவளுக்குக் கீழே இரண்டாவது ஆளாக உட்கார்ந்தார். எந்த எண்ணும் இருவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. அவள் கை வேகம் பார்த்து முதல் வாரமே அவர் மலைத்துப் போனார். அவர் இரண்டு தட்டு எண்ணுவதற்குள் அவள் நாலையும் முடித்துவிட்டு, அவர் முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சோதனை அறையைப் பார்க்க வரும் ஊர்க்காரர்கள் இப்போது அவளைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். சகலை ஒருநாள், "அவங்க கை சுத்தம்" என்றார், யாரிடமோ. முளைப்புக்காரரின் காதில் விழுந்தது.

அன்று மதியம் மிளகாய்த் தட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது அவள் நிமிர்ந்தாள்.

"சார், இந்த மூணாவது வரிசையைக் கொஞ்சம் பாருங்களேன். வேர் வந்திருக்கு, ஆனா முறுக்கிக்கிட்டு இருக்கு. நான் இதை முளைச்ச கணக்குல சேர்த்துட்டேன். சேர்க்கலாமா?"

முளைப்புக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பத்தொன்பது வருஷம் பார்த்த கண்ணுக்கு ஒரு நொடி போதும். சேர்க்கக் கூடாது, அது நட்டால் நாலு நாளில் சாய்ந்துவிடும். சொல்லாமல் விட்டால் அவள் எண் ஒன்றோ இரண்டோ கூடும், என்றைக்காவது ஒருநாள் மாட்டிக்கொள்வாள். எண்ணம் இப்படித்தான் போகும் என்று அவருக்கு இப்போது தெரிந்திருந்தது. அது போகட்டும் என்று ஒரு நிமிஷம் விட்டுவைத்தார்.

"சேர்க்காதீங்கம்மா" என்றார். "ஒண்ணு இல்ல, மூணு இருக்கு. அதோ அந்த ஓரத்துல பாருங்க."

அவள் இடுக்கியால் மூன்றையும் தனியே எடுத்து வைத்து, எண்ணைத் திருத்தி எழுதி, கையெழுத்துப் போட நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.